பந்தித் தட்டு வந்த நேரம் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்

கல்லடிக் கீபோர்ட் | ஞாயிறு இரவு 9.50

இத எழுதலாமா வேண்டாமா எண்டு மூணு மணித்தியாலமா யோசிச்சிட்டு எழுதுறன். சபைப் பேர் கேட்காதீங்க, சொல்ல மாட்டன். மட்டக்களப்பில கல்லடிப் பக்கம் எண்டது போதும்.

எட்டு வருசமா ஆராதனைக்குக் கீபோர்ட் வாசிக்கிறன். 2020 கொரோனா முடக்கத்தோட, ஆராதனைய போனில நேரலையாக் காட்டுற லைவும் என்ட தலையில வந்திச்சு. முடக்கம் போயிற்று, லைவ் போகல்ல.

இண்டைக்கு மாசத்தில முதல் ஞாயிறு, கர்த்தருடைய பந்தி, இயேசுவ நினைச்சு அப்பம் எடுக்கிற நாள். கீபோர்டுக்குப் பக்கத்தில ஸ்ராண்டில போன் நிக்கும். 143 பேர் பார்த்துக்கொண்டிருந்தாங்க, கனடா, கட்டார், லண்டன் எண்டு. திடீரெண்டு அந்த வட்டம் சுத்தத் தொடங்கிற்று. படம் நிண்டுபோச்சு. ஒரு கை சுருதியில கிடக்கு, மற்றக் கையால போனத் தட்டித் தட்டிப் பார்க்கிறன். பாஸ்டர் அப்பத் தட்டோட எனக்கு முன்னால வந்து நிண்டார். நான் நிமிரல்ல. ரெண்டு விரலக் காட்டினன், பொறுங்க எண்டு. அவர் கொஞ்சம் நிண்டு பார்த்திட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டார்.

படம் திரும்பி வந்திச்சு. 151 பேர். எனக்கு ஒரே சந்தோசம். வீட்ட வந்து சோத்தில கை வைக்கக்குள்ளதான் விளங்கினது, நான் அப்பம் எடுக்கல்ல.

குடிச்சுப் போட்டுப் படுத்துக் கிடந்து பந்திய விட்டிருந்தா எப்பிடி மன்னிப்புக் கேக்கிறது எண்டு தெரியும். நான் ஊழியம் செய்துகொண்டுதானே விட்டன்? கிழமையில நாலு நாள் சபையிலதான் கிடக்கிறன். ஆனா தனிய முழங்கால் போட்டது எப்ப எண்டு நினைச்சுப் பார்த்தா, மகளுக்குக் காய்ச்சல் வந்த கார்த்திகை மாசம். இப்ப மாசி. "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" எண்டு கீபோர்டிலயே ஸ்ரிக்கர் ஒட்டி வச்சிருக்கிறன். அதுக்கு மேலதான் போன் ஸ்ராண்ட் நிக்குது.

எனக்கு ஆறுதல் வேண்டாம். இதுக்குப் பேர் என்ன, அதச் சொல்லுங்க.

புளியந்தீவு ரீச்சர் | ஞாயிறு இரவு 10.35

தம்பி, 1 இராஜாக்கள் 14ஆம் அதிகாரத்தை எடுத்து 25ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். சாலொமோன் ராஜா 200 பெரிய கேடகங்களும் 300 சிறிய கேடகங்களும் பொன்னில் அடித்து வைத்தான். மகன் ரெகொபெயாமின் ஐந்தாம் வருடம் எகிப்து ராஜா சீஷாக் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டான். ரெகொபெயாம் என்ன செய்தான்? அழுதானா, தேடினானா? வெண்கலத்தில் புதுக் கேடகங்கள் செய்வித்தான். ராஜா ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சேவகர் அவற்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள், வந்தபிறகு தங்கள் அறையில் வைத்துவிடுவார்கள்.

எத்தனையோ முறை ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு விடயம் மிகப் பிந்தித்தான் கண்ணில் பட்டது. ஊர்வலம் நிற்கவே இல்லை. ஆலயத்துக்குப் போவதும் நிற்கவில்லை. பித்தளைச் செம்பைப் பழப்புளி போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தால் தங்கம் தோற்றுப்போகும், வெண்கலமும் அப்படித்தான். தூரத்தில் நின்ற சனத்துக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. இன்னொன்றும் பாருங்கள், சாலொமோன் பொன்னை மாளிகையில் வைத்தான், மகன் வெண்கலத்தைக் காவல் அறைக்குள் வைத்தான். மலிவானதற்குத்தான் பொத்திப் பொத்திக் காவல்.

நீங்கள் பெயர் கேட்டதால் சொன்னேன், வெண்கலக் கேடகம். உங்களுடையதை மட்டும் சொல்லிவிட்டு என்னுடையதை மறைப்பது சரியில்லை.

நாங்கள் மெதடிஸ்த ஆட்கள். வருடத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை நடக்கும், 1755இல் வெஸ்லி லண்டனில் தொடங்கியது. உமக்காக என்னைப் பயன்படுத்தும், அல்லது உமக்காக என்னை ஒதுக்கிவையும் என்ற கருத்தில் அதில் ஒரு வேண்டுதல் வரும். நாற்பது வருடம் வாய்நிறையச் சொன்னேன். 2018இல் ஞாயிறு பள்ளிப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து ஒரு இளம் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். நான் பல மாதம் ஆலயத்துப் பக்கமே போகவில்லை. கால் நோ என்று பாதிரியார் ஐயாவுக்குச் சொன்னேன். காலில் ஒரு நோவும் இல்லை. ஒதுக்கிவையும் என்று கேட்டது நான்தானே!

வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் இந்த ஊருக்கு வந்தார். கப்பல் பயணத்திலேயே மனைவியை இழந்தவர். பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார், 1815இல் இறந்துபோனார். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை 1814இலிருந்து எண்ணுகிறது, அவர் அதில் எதையும் காணவில்லை. நான் ஒரு வருகைப் பதிவேட்டுக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

ஆசீர்வாத மழை | ஞாயிறு இரவு 10.41

ஆமென். ஆமென். இன்றைய வாக்குத்தத்தப் படம் இணைத்துள்ளேன். பத்துப் பேருக்கு அனுப்புங்கள், விடியுமுன் நற்செய்தி வரும்.

வட்டைக்காரன் | திங்கள் காலை 5.20

மழைத் தம்பி, ரீச்சர் சொன்னது துலக்கின வெண்கலம். உங்கட படம் துலக்காத வெண்கலம். கோவிக்காதீங்க.

கீபோர்ட் மனே, நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். இப்ப வெட்டுக் காலம், ராவைக்கு வட்டையில, வயல்வெளியிலதான் படுக்கை. எனக்குக் கேடகம் தெரியாது, நெல்லுத் தெரியும்.

எங்கட அப்பா காலத்தில களவெட்டியில சூடு அடிச்சு, தூத்தி, பொலி குவிஞ்ச உடன முதல் மரைக்கால் அளந்து ஒரு சாக்கில கட்டித் தனிய வச்சிருவார். அது கர்த்தருக்கு. பிறகுதான் குத்தகை, கூலி, கடன், வீடு. எங்கட சைவ ஆக்களும் முதல் நெல்லச் சாமிக்குப் படைக்கப் புதிர் எடுப்பாங்கதானே, அந்த மண்ணில வளர்ந்த ஆக்களுக்கு முதல் எண்டா என்ன எண்டு ஆரும் படிப்பிக்கத் தேவல்ல. அம்மாவும் அப்பிடித்தான். உலையில போட அரிசி அளக்க முதல் ஒரு பிடி எடுத்துக் கதவு மூலையில இருந்த முட்டிக்குள்ள போடுவா. அளந்த பிறகு இல்ல, அளக்க முதல். பிள்ளைகள் ஏழு பேர் பார்த்துக்கொண்டு நிப்பம். அரிசி குறைவான நாளில அந்தப் பிடியும் சின்னனாகும், ஆனா வரிசை மாறாது.

இப்ப மெசின் வருது. காலையில இறங்கினா மத்தியானம் வயல் முடிஞ்சுது. நெல்லு மெசினில இருந்து நேர சாக்குக்குள்ள, சாக்கு நேர யாவாரிர லொறிக்கு. ஈரம் எண்டு விலையில வெட்டுவான். உரக்கடைக் காரனும் கொப்பியோட அங்கயே நிப்பான். எல்லாரும் போன பிறகு வயல் மூலையில கடைசிச் சாக்கு ஒண்டு கிடக்கும், அரைவாசி பதர். போன வருசம் அறுப்புப் பண்டிகைக்கு அந்தச் சாக்கத்தான் தூக்கிக்கொண்டு போனன். ஏலத்தில மைக்கில என்ட பேரச் சொல்லி ஒரு மூட்டை நெல்லு எண்டாங்க. சனம் கைதட்டிச்சு. நானும் வேட்டியச் சரி பண்ணிக்கொண்டு எழும்பி நிண்டன்.

ஏலத்தில எடுத்தது ஒரு விதவை மனிசி. மூணாம் நாள் குத்தக் குடுத்திட்டு என்னட்ட வந்து ஒண்டும் சொல்லல்ல. உமிச் சாக்க மட்டும் திருப்பித் தந்திட்டுப் போனா. அதுதான் பெரிசா கிடந்திச்சு.

மல்கியா முதலாம் அதிகாரத்தில கண்ணூனமானதைப் பலியிடக் கொண்டுவாறவங்களப் பார்த்து, அத உன் அதிபதிக்குச் செலுத்திப் பாரு எண்டு கேக்கிறாரே, அது எனக்கு விளங்கின விதம் இதுதான். உரக்கடைக் காரனுக்குப் பதர்ச் சாக்கக் குடுத்திருப்பனா?

மெசின் வந்திட்டு. பிறகு வாறன்.

திருக்கோவில் அக்கா | திங்கள் காலை 11.15

எல்லாம் வாசிச்சன். நல்லாத்தான் இருக்கு. ஆனா "தேவனுக்கு முதலிடம்" எண்ட சொல்லக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதைக்கும். ஏன் எண்டு சொல்றன்.

மனுசன் கட்டாரில. மாமி பாரிசவாதம் வந்து படுக்கையில. நான் அப்ப போன சபையில 21 நாள் இரா ஜெபம் வச்சாங்க. மாமியப் பார்க்க ஆளில்ல, வர ஏலாது எண்டன். "தாய் தகப்பனை என்னிலும் அதிகமா நேசிக்கிறவன்" எண்டு ஒரு வசனத்தத் தூக்கிப் போட்டாங்க. கட்டடக் காசுக்கு மேல்மாடி எழும்பக்குள்ள விசுவாசமா விதையுங்க எண்டாங்க. சங்கிலிய அடகு வச்சுக் குடுத்தன். அது முழுகிப் போச்சு. மாமிக்கு மருந்து வாங்கக் காசு இல்லாம பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காட்டக் கடன் கேட்டு நிண்டன். அவ கணக்கும் பார்க்காம தந்தா.

மாற்கு ஏழாம் அதிகாரம் வாசிக்கச் சொல்லி எனக்கு ஆரும் சொல்லல்ல, நானாத்தான் கண்டுபிடிச்சன். பெத்தவங்களுக்குப் போகவேண்டியத கொர்பான், காணிக்கை எண்டு சொல்லி மறிக்கிறவங்கள இயேசு நல்லாக் கேக்கிறார். அப்ப அந்தக் கட்டடமும் வெண்கலக் கேடகம்தானே, ரீச்சர்? கடவுளுக்குப் பதிலா சபைய வச்சிட்டு, அதுக்குக் கடவுளிர பேரச் சொல்றது?

மாமிக்கு ராவு மூணு மணிக்குப் படங்கு மாத்தோணும். ஒரு பக்கம் புரட்டி, ஈரத் துணிய உருவி, பவுடர் போட்டு, மற்றப் பக்கம் புரட்டி. அந்த நேரத்திலதான் நான் உண்மையா ஜெபிச்சிருக்கிறன். அவ பேச ஏலாது, என்ட கையப் பிடிப்பா. அந்த 21 நாள் மைக் சத்தத்த விட அது கர்த்தருக்குக் கேட்டிருக்கும் எண்டு நினைக்கிறன். பிழையெண்டா சொல்லுங்க.

சத்தியவசனம்77 | திங்கள் பகல் 12.02

மாற்றுத் தெய்வம் எண்டு பேச வந்தா முதல்ல சொரூபம் வச்சுக் கும்பிடுறவங்களப் பற்றிப் பேசுங்க. கீபோர்ட், நெல்லு எல்லாம் சின்ன விசயம்.

தாண்டவன்வெளிப் பொடியன் | திங்கள் பகல் 1.30

வந்திட்டார். அண்ணே, எங்கட கத்தோலிக்கக் கோயிலில சொரூபம் இருக்கு, மறைக்கல்ல. உங்கட பக்கம் ரோட்டில ஆறடிப் பனர் இருக்கு, பாஸ்டர் கோட் சூட்டோட, ஆண்டவர் எழுத்தில கீழ ஓரமா. ரெண்டையும் வச்சு இண்டைக்குச் சண்டை பிடிக்க எனக்கு நேரமில்ல.

யாத்திராகமம் 32 எல்லாருக்கும் தெரியும், பொன் கன்றுக்குட்டி. ஆனா அஞ்சாம் வசனத்தப் பாருங்க. ஆரோன் பலிபீடமும் கட்டிப் போட்டு "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" எண்டு கூறினானாம். வேற சாமிர பேரச் சொல்லல்ல. கன்றுக்குட்டியக் காட்டிக் கர்த்தருக்குப் பண்டிகை எண்டான். அதாலதான் திருக்கோவில் அக்கா சொன்னது எனக்குச் சரியாப் படுது.

என்ட கதை வேற. மூணு வருசம் ஆயித்தியமலைச் சதாசகாய மாதா திருநாளுக்கு நடந்து போனன். காலெல்லாம் கொப்புளம். பார்க்கிறவங்க பக்தியான பொடியன் எண்டாங்க. மனசுக்குள்ள ஓடினது ஒரே ஒண்டு, கனடா விசா. விசா வந்தா மெழுகுதிரி, விசா வந்தா பூசைக்குக் காசு. ஆண்டவரோட இல்ல, ஏசென்சிக்காரனோட பேசுற மாதிரி. விசா மறுத்தாங்க. அடுத்த ஞாயிறு நான் பூசைக்குப் போகல்ல. அப்ப ஆர என்ட ஆண்டவரா வச்சிருந்தன் எண்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்க. சொரூபம் எண்டாலும் கண்ணுக்குத் தெரியும், துணி போட்டு மூடலாம். விசாவ எப்பிடி மூடுறது?

மட்டுறுத்துனர் | திங்கள் பகல் 2.10

சபைச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. சத்தியவசனம்77இன் அடுத்த இரண்டு பதிவுகளையும் அங்கே மாற்றியிருக்கிறேன்.

கணக்கு மாஸ்டர் | திங்கள் இரவு 11.40

இவ்வளவு நேரம் ஒளிஞ்சு நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை உயர்தர (ஏ.எல்.) கணக்கு வகுப்பு நடத்துபவன் நான்தான். ஏழு மணி முதல் பதினொன்று வரை. அதுவும் நானே ஒரு கிறிஸ்தவன்.

எங்கள் ஐயா பிரசங்கத்தில் ரியூசனைத் திட்டும்போது பெற்றோர் தலையாட்டுவார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்த நேரத்தில் என் வகுப்பில் இருப்பார்கள். நான் ஆலயத்தில் இருக்க மாட்டேன், இதெல்லாம் மனைவி வந்து சொல்லித்தான் தெரியும். பரீட்சைக்கு முந்தின ஞாயிறு மட்டும் எல்லாரும் ஆலயத்துக்கு வருவார்கள், பேனையைக் கொண்டுவந்து ஜெபம் பண்ணிக்கொண்டு போவார்கள். இரண்டு வருடம் ஆண்டவருக்கு நேரமில்லை, பேனைக்கு மட்டும் அவர் வேண்டும்.

சிரிக்க வேண்டாம், நானும் அதே பந்திதான். நேரத்தை மாற்றலாமே என்று மனைவி கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: நான் விட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் எடுப்பார். உண்மைதான், எடுப்பார். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் கிடந்தோமே, அந்த வருடம் வீட்டைக் காப்பாற்றியது இந்த ஞாயிறு வகுப்புத்தான். அன்றிலிருந்து அதைத் தொட எனக்குப் பயம். என்னைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், ஆலயத்தில் ஒரு பதில் சொல்வேன், கணக்குப் பார்க்கும்போது வேறு பதில்.

புளியந்தீவு ரீச்சர் | செவ்வாய் காலை 6.30

திருக்கோவில் அக்காவுக்கு: நீங்கள் பிழையில்லை. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தைப் பாருங்கள், கர்த்தரே செய்யச் சொன்னது, சனத்தைப் பிழைக்க வைத்தது. பிற்காலத்தில் அதற்கே தூபம் காட்டினார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான். கர்த்தர் தந்ததையே அவருக்குப் பதிலாக வைக்கலாம் என்றால், மேல்மாடி எம்மாத்திரம்?

மாஸ்டருக்கு: நான் கோபித்துக்கொண்டு வீட்டிலிருந்ததாகச் சொன்னேன் அல்லவா, திரும்பி வந்தது 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு. சீயோன் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை இழந்த ஊர் இது, அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். வாசலில் ஆமிக்காரர் பையைத் திறந்து பார்த்த பிறகே உள்ளே போக முடிந்தது. என் பைக்குள் வேதாகமமும் கண்ணாடியும் மட்டும். பொறுப்பு இல்லை, பதிவேடு இல்லை. கடைசி வாங்கில் இருந்தேன். பாட்டு சுருதி சேரவில்லை, ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எதற்கு வந்தோம் என்று அன்று எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சில மாதத்தில் மறுபடி கதிரை, பதவி, யார் முன்னால் இருப்பது என்று தொடங்கிவிட்டது, நானும் சேர்த்துத்தான்.

வட்டைக்காரன் | செவ்வாய் இரவு 8.15

மாஸ்டர், 2021இல உரத்தத் தடை செய்தாங்களே, அந்த மாரிப் போகம் எங்களுக்கு விளைச்சல் கொட்டுண்டு போச்சு. கதிர் வெளிக்கிட்டும் வெளிக்கிடாமலும். இதில என்னத்த முதல் எடுக்கிறது எண்டு நான் கத்தினன். மனிசி ஒண்டும் பேசாம ஒரு சுண்டு நெல்லு எடுத்துப் பையில கட்டினா. ஒரு சுண்டுதான். பஞ்ச காலத்தில சாறிபாத்து ஊர் விதவையிட்டத் தீர்க்கதரிசி எலியாவும் முதல் எனக்கு ஒரு சின்ன அடைதானே கேட்டார். எங்கட வீட்டில ஆரோ ஒராள் அம்மாட முட்டிய மறக்கல்ல எண்டு அப்ப நினைச்சன். அந்த ஒராள் நான் இல்ல.

திருக்கோவில் அக்கா | செவ்வாய் இரவு 8.50

சின்ன அடை எண்டது சரி. எலியா அவட்ட அடகுத் துண்டு கேட்கல்ல. அதோட அவட வீட்டிலயே இருந்து, மகன் செத்தபோது பிள்ளையத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போய்க் கர்த்தர நோக்கிக் கூப்பிட்டவர். எங்கட மேல்மாடிக் காரர் மாமிர செத்த வீட்டுக்கு வரவுமில்ல.

கீபோர்ட் தம்பி, நீங்க என்ன செய்யப்போறீங்க? லைவ வேற பொடியனிட்டக் குடுக்கப்போறன் எண்டு மட்டும் சொல்லாதீங்க. அடுத்த மாசம் அவன் அப்பம் எடுக்காம நிப்பான்.

கல்லடிக் கீபோர்ட் | செவ்வாய் இரவு 11.05

அக்கா, அதத்தான் செய்ய இருந்தன். ஒரு பொடியனிட்டப் பேசியும் போட்டன். நாளைக்குப் போய் இல்லையெண்டு சொல்றன்.

கல்லடிக் கீபோர்ட் | நாலு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு இரவு 9.10

கேட்ட எல்லாருக்கும் சொல்லோணும், அதுக்காக வந்தன்.

பாஸ்டரிட்டப் போய் பந்தி நேரம் லைவ நிப்பாட்டுவம் எண்டன். அவர் உடன ஓம் எண்டு சொல்லல்ல. வெளிநாட்டில இருந்து பார்க்கிற பிள்ளைகள்தான் கூரைக்குக் காசு அனுப்பினது, அதுவும் உண்மை. அவங்களும் வீட்டில அப்பம் வச்சுக்கொண்டு பார்க்கிறாங்க, அவங்கள வெட்டி விடுறதா எண்டு கேட்டார். அதுக்கு என்னட்டப் பதில் இல்ல. நான் அண்டைக்கு ரெண்டு விரல் காட்டினதச் சொன்னன். அவருக்கு ஞாபகம் இருந்திச்சு. கொஞ்ச நேரம் நிலத்தப் பார்த்துக்கொண்டு இருந்திட்டு, நீ எண்டு தெரிஞ்சுதான் நான் கடந்து போனன், லைவ் விட்டுப்போயிரும் எண்டு எனக்கும் பயம் எண்டார். அவர் அப்பிடிச் சொல்லுவார் எண்டு நான் எதிர்பார்க்கல்ல.

கடைசியில வாசல் பக்கம் ஒரு கதிரையில போன வச்சிட்டம். பந்தி வரைக்கும் அது தன்ட பாட்டில ஓடும். நிண்டா நிண்டதுதான், ஒருத்தரும் எழும்பிப் போறதில்ல எண்டு பேச்சு. கனடா மாமி ஒருத்தர் படம் சரியில்ல எண்டு ரெண்டு தரம் கோல் எடுத்திட்டா, இனியும் எடுப்பா.

இண்டைக்குப் பந்தி. போன் பக்கத்தில இல்ல, ஆனா கை தானாப் போயிற்று. ஸ்ராண்ட் நிண்ட இடத்தில விரல் வெறுங் காத்தத் தட்டுது. ஆறேழு தரம். எத்தின பேர் பார்க்கிறாங்க எண்டு மண்டைக்குள்ள ஒரே அரிப்பு. ஜெபம் வரல்ல, உண்மையச் சொல்றன். மகள்ட காய்ச்சல், ரீச்சர்ட கடைசி வாங்கு, அக்காட மாமி கையப் பிடிச்சது, இதெல்லாம்தான் வந்திச்சு.

பாஸ்டர் தட்டோட வந்து நிண்டார். இந்தத் தரம் ரெண்டு கையும் எடுத்தன். அவசரத்தில கீபோர்ட ஓப் பண்ண மறந்திட்டன், முழங்கை பட்டு நாலஞ்சு கட்டை ஒண்டாக் கத்திச்சு. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால ஒரு சின்னப் பிள்ளை சிரிச்சிது. அப்பம் என்ட கையில இருந்திச்சு.

வட்டைக்காரன் | ஞாயிறு இரவு 9.40

நல்லம் மனே. இந்த முறை மெசின் இறங்கக்குள்ள முதல் சாக்க நானே பிடிச்சன். யாவாரி அதையும் லொறியில ஏத்தப் பார்த்தான். அதுக்கு மேல ஏறி இருந்திட்டன்.

கணக்கு மாஸ்டர் | ஞாயிறு இரவு 10.05

ஏறி இருந்ததை நினைக்கச் சிரிப்பு வருகிறது அண்ணே. நான் இன்னும் நேரத்தை மாற்றவில்லை. தையல் மெசினுக்குப் பக்கத்தில் மனைவி ஒரு கடதாசியில் "பின்னேரம் 2 – 6" என்று எழுதி ஒட்டியிருக்கிறா. ஒரு கிழமையாக அதைக் கிழிக்கவும் இல்லை, வகுப்புக் கதவில் ஒட்டவும் இல்லை.